நூற்றிருபது புள்ளி ஒன்று

செப்டம்பர் 3, ஞாயிறு

வாஷிங் மெஷின் மூன்றாம் நாளாக ஓடவில்லை. மேடைச் சட்டைகள் நான்கையும் கையால் துவைத்து மாடியில் காயப்போட்டேன்.

மதியத்துக்குப் பிறகு லேப்டாப்பைத் திறந்து பிரீசெட்களைச் சரிபார்த்தேன். மொத்தம் முப்பத்தொன்று. ஒவ்வொரு பாட்டுக்கும் நான் செய்து வைத்திருக்கும் ஒலிகள் அவை. பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு உள்ளேயே ஒரு சீக்வென்சர் உண்டு. கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்தால் பதினாறு சுரங்களை அதுவே வரிசையாக வாசித்துக்கொண்டு போகும். அதன் பக்கத்தில் சிங்க் என்று ஒரு சின்னப் பொத்தான். அது எரிந்தால் சீக்வென்ஸ் லேப்டாப்பின் பொது டெம்போவைப் பின்பற்றும். அணைந்தால் பிரீசெட்டுக்குள் எழுதி வைத்த வேகத்தில் தன் போக்கில் போகும். பாளையங்கோட்டையில் இத்தனை மெல்லிசைக் குழுக்கள் இருந்தும் இந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

மாலை சீலன் போன் செய்தான். எங்கள் குழுவின் டிரம்மர் ஜெயசீலன். கல்லூரியிலிருந்து கூடவே இருப்பவன். மேடையில் அவன் காதில் மாட்டும் ஹெட்போனுக்கு, டெம்போவைத் தட்டிக்காட்டும் கிளிக் சத்தத்தை என் லேப்டாப்பிலிருந்து நான்தான் அனுப்புவேன்.

"ஏல கிருபா, இனிமே என் காதுக்குக் கிளிக்கை மட்டும் அனுப்பு. நீ போடுற டிங்கு டிங்கு எல்லாம் எனக்கு வேண்டாம். கவனம் சிதறுது."

"சரிடே" என்றேன்.

அவனே கேட்டதுதான். தேதியோடு இங்கே எழுதி வைக்கிறேன்.

செப்டம்பர் 6, புதன்

ரிகர்சல். வில்பிரட் அண்ணாச்சி மிக்சர் பொட்டலத்தோடு வந்தார். குழு அவருடையது. நல்ல செய்தி இருக்கும்போது மட்டும்தான் மிக்சர் வாங்குவார்.

"பொங்கலுக்கு மஸ்கட்டு. அங்க உள்ள தமிழ்ச் சங்கத்துல கூப்பிட்டிருக்காவ. என்னச் சேக்காம ஆறு பேருக்குத்தான் விசா. ரெண்டு பாடகர், கிருபா, சீலன், கிதாரு, பேஸு. யாரும் மூஞ்சியத் தூக்காதிய."

சீலன் ஸ்னேர் டிரம்மில் ஒரு உருட்டு உருட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் எதைச் செய்தாலும் சிரிப்பார்கள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

வள்ளியூரில் கல்யாண வரவேற்பு. காலையில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. நாலாவது பாட்டின் பிரீசெட்டில் சிங்க்கை அணைத்துவிட்டு, உள்ளே வேகத்தை நூற்றிருபது புள்ளி ஒன்று என்று வைத்தேன். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு நூற்றிருபது அடி. வித்தியாசம் ஒரு அடியில் பத்தில் ஒரு பங்குதான். முதல் அரை நிமிடம் யார் காதுக்கும் தெரியாது. இரண்டு நிமிடம் முடியும்போது சீக்வென்ஸ் ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு முந்திவிடும். நாலு நிமிடத்தில் அதற்கு இரட்டிப்பு.

காதில் கிளிக் மட்டும் கேட்கும் ஒருவன் சரியாகவே வாசிப்பான். சீக்வென்ஸைக் கேட்டு வாசிக்கும் மற்றவர்களுக்கு அவன் பின்னால் இழுப்பது போலக் கேட்கும். இப்படித்தான் இருக்கும் என்று கணக்குப் போட்டேன். அப்படியே இருந்தது.

இரண்டாம் சரணத்தில் பேஸ் வாசிப்பவன் திரும்பிச் சீலனைப் பார்த்தான். பாடிக்கொண்டிருந்த பெண்ணும் பார்த்தாள். அண்ணாச்சி மேடை ஓரத்தில் நின்று கையால் தொடையைத் தட்டி அவனுக்குத் தாளம் காட்டினார். சீலனுக்கு ஒன்றும் புரியவில்லை. காதில் இருந்ததை ஒருமுறை அழுத்திக்கொண்டு இன்னும் கவனமாக, இன்னும் சரியாக வாசித்தான்.

பந்தியில் பிரியாணி சுமார்.

செப்டம்பர் 11, திங்கள்

காலை ஏழு மணிக்கே சீலன் போன். கல்யாண வீட்டுக்காரர்கள் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள்.

"நான் இழுக்கேன்டே. நல்லாத் தெரியுது. கிளிக்கோடதான் போனேன், சத்தியமா. ஆனா வீடியோவுல கேட்டா நொண்டுது."

"எனக்கு அப்படி ஒண்ணும் தெரியலையே" என்றேன்.

"நீ எனக்காகச் சொல்லுத."

எறும்பு கீபோர்டு பைக்குள் போய்விட்டது. மஞ்சள்தூள் போட்டேன்.

செப்டம்பர் 20, புதன்

இதுவரை மூன்று நிகழ்ச்சி. எல்லாப் பாட்டிலும் மாற்றுவதில்லை. ஒருநாள் இரண்டாவது பாட்டு, ஒருநாள் ஏழாவது. ரிகர்சலில் எல்லாவற்றையும் சிங்க்கில் போட்டுவிடுவேன். அங்கே அவன் கல்லில் செதுக்கியது போல வாசிப்பான். மேடையில் மட்டும்தான் வருகிறது.

வருகிறது என்று அவன்தான் சொல்கிறான். இருமல் வருகிறது, காய்ச்சல் வருகிறது என்பது போல.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து அலமாரியைத் துடைத்தேன். பழைய நோட்டீஸ்கள் கிடைத்தன. ஜூலை 15, தூத்துக்குடி.

அன்று இரவு ஏழு நாற்பதுக்கு என் லேப்டாப் உறைந்து நின்றுவிட்டது. சீலன் தனியாக நாலு நிமிடம் வாசித்துச் சமாளித்தான். ஜனம் எழுந்து நின்று கைதட்டியது. பிறகு அவன் மைக்கைப் பிடித்து, "மிஷின் நின்னா நம்ம கிருபாவும் நின்னுருவான். கைல தாளம் இருந்தாத்தான?" என்றான். ஆயிரம் பேர் சிரித்தார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த அவன் மனைவி சுகிர்தாவும் சிரித்தாள். பச்சைச் சேலை. வாயைக் கையால் மூடிக்கொண்டு.

அதை நான் அன்றே மறந்துவிட்டேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அக்டோபர் 2, திங்கள்

விடுமுறை. சீலன் வீட்டில் மதியச் சாப்பாடு. சுகிர்தா சாளைமீன் குழம்பு வைத்திருந்தாள். "அண்ணே, இன்னும் ரெண்டு துண்டு" என்று கேட்காமலே போட்டாள்.

சீலன் சரியாகச் சாப்பிடவில்லை. வலது கையை மேசைமேல் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவன் அப்பா நடுக்குவாதத்தில் ஆறு வருடம் கிடந்தார். சுகிர்தாதான் குளிப்பாட்டி, ஊட்டி, துணி மாற்றிப் பார்த்துக்கொண்டாள். கடைசி நாட்களில் அவரைக் கட்டிலிலிருந்து தூக்க நானும் போயிருக்கிறேன். அந்த நினைவு வந்தது. கேட்டேன்.

"உங்கப்பாவுக்கு எந்த வயசுலடே ஆரம்பிச்சுது?"

வேறு எதற்காகவும் கேட்கவில்லை. பேச்சுவாக்கில் வந்தது.

சீலன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு சுகிர்தாவைப் பார்த்தான். அவள் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு நின்றாள்.

"நாப்பத்தாறு" என்றான்.

அவனுக்கு டிசம்பரில் நாற்பத்தைந்து.

அக்டோபர் 3, செவ்வாய்

வாஷிங் மெஷினைச் சரிசெய்து கொண்டுவந்துவிட்டார்கள். அருமையாக ஓடுகிறது.

அக்டோபர் 12, வியாழன்

நரம்பு டாக்டரிடம் சீலனோடு போனேன். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றான். சுகிர்தாவைக் கூட்டிப்போக மனமில்லை என்றான். என் பைக்கில்தான் போனோம். வண்டி ஓட்டுவதை அவன் நிறுத்தி ஒரு வாரமாகிறதாம்.

டாக்டர் பெண். இளவயது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். நடக்கச் சொன்னார், எழுதச் சொன்னார், கண்ணை மூடி மூக்கைத் தொடச் சொன்னார். பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"உங்களுக்கு ஒண்ணும் இல்ல சார். கை அருமையா இருக்கு. மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. நல்லாத் தூங்குங்க."

வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பொண்ணுக்கு எப்படிடே தெரியும்? அது காதுக்குத் தெரியிற வியாதி. ஒரு நொடியில பத்துல ஒரு பங்கு. அத எந்த டாக்டர் கண்டுபிடிப்பான்?"

அளவைச் சரியாகச் சொன்னான். வீடியோக்களைக் கேட்டுக் கேட்டு அவனே கணக்குப் போட்டிருக்கிறான். அவன் காதை நான் எப்போதும் மதித்து வந்திருக்கிறேன்.

"எதுக்கும் இன்னொரு டாக்டரப் பாப்போமா?" என்றேன்.

"அப்போ உனக்கும் சந்தேகம் இருக்கு" என்றான்.

எதிரே நின்ற இளநீர் வண்டியைக் காட்டினேன். இருவரும் இளநீர் குடித்துவிட்டு வந்தோம்.

அக்டோபர் 25, புதன்

ரிகர்சலுக்கு அண்ணாச்சி மிக்சர் வாங்காமல் வந்தார். எல்லோரையும் வைத்துக்கொண்டே பேசினார்.

"சீலா, சுத்தி வளைக்காமச் சொல்லுதேன். மஸ்கட்டுல இந்த மாதிரி ஆச்சுன்னா அடுத்த வருசம் நம்மள எவனும் கூப்பிட மாட்டான். நீ கொஞ்ச நாள் ஓய்வெடு."

நான் சீலனுக்காகப் பரிந்து பேசினேன். எல்லோரும் கேட்டார்கள். "இன்னும் ரெண்டு புரோகிராம் பாக்கலாமே அண்ணாச்சி" என்றேன்.

"பாத்தாச்சு. டிரம்ஸுக்கு என்ன வழி? நீ சொல்லு."

"முடியாதுன்னு இல்ல. சீக்வென்ஸ்ல போட்டுரலாம்."

"அப்பப் போடு. அந்த இடத்துல இன்னொரு பாடகியக் கூட்டிக்கிடலாம்."

சீலன் குச்சிகளை உறைக்குள் செருகினான். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். ஆளாளிடம் தனித்தனியாகப் போய், கையைப் பிடித்து. கடைசியாக என்னிடம் வந்தான்.

"உனக்குத்தான்டே ரொம்பச் சிரமம் கொடுத்துட்டேன். உன் சீக்வென்ஸையெல்லாம் கெடுத்துட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றேன்.

நவம்பர் 5, ஞாயிறு

இருபது பாட்டுகளுக்கு டிரம்ஸ் போட்டு முடித்தேன். ஸ்னேரை லேப்டாப் திரையின் தாளக் கட்டத்துக்குள் துல்லியமாக வைத்தால் செத்த மாதிரி இருக்கிறது. சீலன் வாசித்த பழைய பதிவுகளைத் திரையில் விரித்துப் பார்த்தேன். இரண்டாவது அடியை எப்போதும் ஒரு மயிரிழை தள்ளி வைத்திருக்கிறான். வேண்டுமென்றேதான். அதை அப்படியே எடுத்து என் டிரம்ஸுக்குப் போட்டேன். இப்போது உயிர் வந்துவிட்டது.

சீலன் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டானாம். அங்கே பதினொரு வருடமாகப் பிள்ளைகளுக்கு டிரம்ஸ் சொல்லிக்கொடுத்தவன். தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

நவம்பர் 19, ஞாயிறு

ஆராதனை முடிந்து சுகிர்தா என் வீட்டுக்கு வந்தாள். முதல்முறையாகத் தனியாக. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"அண்ணே, அவியள எப்படியாவது இன்னொரு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்காவ."

"என்னம்மா பண்ணுதான்?"

"இடது கையால சட்டைப் பித்தான் போட்டுப் பழகுதாவ. காலையில அரை மணி நேரம் கண்ணாடி முன்னால நின்னு. இப்பவே பழகிக்கிட்டா பின்னால உனக்குச் சிரமம் இருக்காதுங்காவ. நேத்து என்ன சொன்னாவ தெரியுமா? 'நீ எங்கப்பாவப் பாத்தது போதும். என்னையும் பாக்கணும்னு உனக்கு விதியா? உங்கம்மா வீட்டுக்குப் போயிரு'ன்னு பெட்டிய எடுத்து வச்சிட்டாவ. இருபது வருசமாச்சுண்ணே எங்களுக்கு."

அழவில்லை. கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி விரலில் கட்டிக்கொண்டே நின்றாள்.

"நீங்க சொன்னாக் கேப்பாவ. நீங்கன்னா அவியளுக்கு உசுரு."

பார்க்கிறேன் என்றேன். காபி போட்டுத் தரவா என்றேன். வேண்டாம் என்று போய்விட்டாள்.

நவம்பர் 20, திங்கள்

விசா இன்னும் வரவில்லை.

நவம்பர் 28, செவ்வாய்

விசா இன்னும் வரவில்லை. சீலனைப் பார்க்கப் போகவில்லை. பல்வலி.

டிசம்பர் 5, செவ்வாய்

ஆறு பேருக்கும் விசா வந்துவிட்டது. டிக்கெட்டும் போட்டாயிற்று. இனிமேல் அண்ணாச்சியால் ஆளை மாற்ற முடியாது.

டிசம்பர் 9, சனி

மதியம் சீலன் வீட்டுக்கு லேப்டாப்போடு போனேன். சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தது நானாகத்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை.

டிரம் செட்டைப் படுக்கை விரிப்பால் போர்த்தி வைத்திருந்தான். தாடி வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வாடே, மஸ்கட்டுக்காரா" என்றான். சுகிர்தா அடுக்களையில் நின்று கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"சீலா, உனக்கு ஒரு வியாதியும் இல்ல. நான்தான் செஞ்சேன்."

லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். பிரீசெட்டைக் காட்டினேன், சிங்க் பொத்தானைக் காட்டினேன், நூற்றிருபது புள்ளி ஒன்று என்ற எண்ணைக் காட்டினேன். எந்தெந்த ஊரில் எந்தெந்தப் பாட்டு என்று இந்த நாட்குறிப்பைப் பார்த்து எழுதிக் கொண்டுபோன தாளையும் கொடுத்தேன். அடுக்களையில் கீரை ஆயும் சத்தம் நின்றது.

சீலன் தாளை முழுவதும் படித்தான். மடித்தான். என் தோளில் கைபோட்டான்.

"சுகிர்தா உங்கிட்ட வந்து அழுதாளா?"

"அவ சொல்லி வரல. இது நெசம்டே."

"நீ ஏன்டே அப்படிச் செய்யப்போற? என்ன பகை நமக்குள்ள?"

ஜூலை பதினைந்து என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நடு அறையில், அந்த வெளிச்சத்தில், அதை ஒரு காரணமாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. "சும்மாதான்" என்றேன்.

அவன் சிரித்தேவிட்டான். "உனக்குப் பொய் சொல்லத் தெரியலல. எனக்குத் தைரியம் கொடுக்கணும்னு உன் தலையில பழியத் தூக்கிப் போட்டுக்கிட்டு வந்திருக்க."

"சரி, வாசிச்சுப் பாரு. அதே பாட்டு. இப்போ சிங்க் எரியுது பாத்துக்கோ. கிளிக்கும் சீக்வென்ஸும் ஒண்ணா ஓடுது. உன் காதுக்கு ரெண்டையும் தாரேன். ஒரு பிசிறு இருக்காது."

விரிப்பை விலக்கினேன். அவன் தயங்கினான். ஆனாலும் போய் உட்கார்ந்தான். பீரோ மேலிருந்த குச்சிகளைச் சுகிர்தாதான் எடுத்துக்கொடுத்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

பாட்டை ஓட்டினேன்.

முதல் எட்டு அடி சரியாக இருந்தது. பிறகு அவன் தன் வலது கையைப் பார்த்தான். பார்த்த அந்த நொடியிலிருந்து பின்னால் இழுத்தான். இழுப்பது தெரிந்ததும் பிடிக்கப் பாய்ந்தான், முந்திவிட்டான். மறுபடி நின்றான், மறுபடி இழுத்தான். வேர்த்துக் கொட்டியது. ஒரு குச்சி நழுவி உருண்டு சோபாவுக்கு அடியில் போனது. நான் பாட்டை நிறுத்தவில்லை. எப்படியும் சரியாகிவிடும் என்று நினைத்தேன். நாலு நிமிடமும் ஓடியது. இடது கையோடும் காலோடும் மட்டும் கடைசிவரை வாசித்து முடித்தான்.

பழக்கதோஷத்தில் நான் அதைப் பதிவு செய்திருந்தேன். திரையில் விரிந்தது. ஒரு அடிகூடத் தாளக் கோட்டின்மேல் இல்லை. நான் அவனுக்குச் செய்ததைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு.

சீலன் எழுந்து வந்து திரையைப் பார்த்தான்.

"இப்போ சிங்க் எரியுதுல்லா?"

"எரியுது."

"பாத்தியா?" என்றான். கோபமே இல்லை அவனிடம். "இவ்வளவு தூரம் எனக்காக வந்தியே, அது போதும்டே." என் கன்னத்தில் தட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான்.

லேப்டாப்பை மூடிக்கொண்டு வெளியே வந்தேன். சுகிர்தா வாசல் கேட் வரை கூடவே வந்தாள்.

"அவிய நம்பல" என்றாள். "நான் நம்புதேன்."

நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்க முடியவில்லை.

"இனி நான் போய் இவன்தான் செஞ்சான்னு எத்தன தடவ சொன்னாலும் அவியளுக்கு ஏறாது. ஏறுனாலும் அந்தக் கை திரும்ப வருமான்னு தெரியல. ஒரே ஒரு சிநேகிதன் இருக்கான்னு நெனச்சுக்கிட்டுப் படுத்திருக்காவ. அதையும் நான் பிடுங்க மாட்டேன். அதனால நீங்க ஒண்ணு செய்யணும்."

"சொல்லும்மா."

"அம்மான்னு கூப்பிடாதீங்க. ஞாயித்துக்கிழமை தோறும் நீங்க இங்க வரணும். மூணு மணிக்கு. அவியகூட ஒக்காரணும், சிரிக்கணும், நான் போடுற காபியக் குடிக்கணும். ஒரு வாரம் வரலைன்னாலும் அந்தத் தாள் அண்ணாச்சி கையில இருக்கும். அவிய மடிச்சு வச்சத நான் எடுத்து வச்சிட்டேன்."

கேட்டைச் சாத்தி உள்பக்கம் கொண்டி போட்டாள்.

டிசம்பர் 10, ஞாயிறு

போனேன்.

டிசம்பர் 17, ஞாயிறு

போனேன்.

டிசம்பர் 24, ஞாயிறு

போனேன். கேக் கொடுத்தார்கள்.

டிசம்பர் 31, ஞாயிறு

போனேன். சீலன் டிரம் செட்டைத் தன் பள்ளிக்கூடத்துக்கே கொடுத்துவிட்டான். மூன்று பையன்கள் வந்து தூக்கிப்போனார்களாம். அந்த இடத்தில் சாய்வு நாற்காலி போட்டிருக்கிறார்கள்.

ஜனவரி 19, வெள்ளி. மஸ்கட்

நிகழ்ச்சி முடிந்தது. இரண்டு மணி நேரம். டெம்போ எங்கும் பிசகவில்லை. டிரம்ஸ் ஒலியை எல்லோரும் தனியாகப் பாராட்டினார்கள். திரைக்குப் பின்னால் டிரம்மர் யாராவது இருக்கிறாரா என்று ஒருவர் எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி என் கையைத் தூக்கிக் காட்டினார்.

அறைக்கு வந்து சட்டையை மாற்றாமலே உட்கார்ந்திருந்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

மூன்று மணிக்குப் போனேன். பேரீச்சம்பழமும் ஒரு போர்வையும் கொடுத்தேன். சீலன் போர்வையை முகத்தில் வைத்துப் பார்த்து, "நல்ல மெத்துன்னு இருக்குடே" என்றான்.

சுகிர்தா ஒரு சிறிய தட்டும் நகவெட்டியும் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள்.

"அவியளுக்கு நகம் வெட்டி விடுங்கண்ணே. கை நடுங்குதுன்னு அவிய வெட்டிக்கிட மாட்டேங்காவ."

நானா என்று கேட்கத் தோன்றியது. அவள் அங்கேயே நின்றாள். பக்கத்தில் மோடாவை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சீலனின் வலது கையை என் முழங்கால்மேல் வைத்தேன். குச்சி பிடித்துக் காய்த்த இடமெல்லாம் மெலிந்து வெளுத்திருந்தது. அந்தக் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கல் போலக் கிடந்தது.

"நடுங்குது பாத்தியாடே?" என்றான் சீலன்.

சுகிர்தா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லடே. நடுங்கல."

"நீ எப்பவும் எனக்காக இப்படித்தான் சொல்லுவ" என்று கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தான்.

வெட்டினேன். சுண்டுவிரலில் சதையில் பட்டுவிட்டது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. சுகிர்தா பஞ்சு எடுத்து வந்து கொடுத்தாள். பத்து விரலும் முடிய கால் மணி நேரம் ஆனது. தட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, அடுத்த ஞாயிறு கால் நகம் என்றாள்.